தம்புன் பண்ணையின் மாமரங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவிலிருந்து தம்புன் பக்கம் போனால் சாலையோரக் கடைகளில் பம்ளிமாஸ் பழங்கள் குலைகுலையாகத் தொங்கும். கடைகளுக்குப் பின்னால் செங்குத்தான சுண்ணாம்புக் குன்றுகள். குன்றுகளுக்கு இடையில், ஈயம் தோண்டி முடித்த பள்ளங்கள் நீர் நிறைந்த குட்டைகளாகக் கிடக்கின்றன. கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகத்துக்கே ஈயம் கொடுத்த மண். 1985இல் ஈயத்தின் விலை சரிந்தபோது சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கைவிடப்பட்ட ஈய மண்ணில் மீன் வளர்த்தார்கள், வாத்து வளர்த்தார்கள், காய்கறியும் பழமரங்களும் போட்டார்கள். பன்றியும் வளர்த்தார்கள்.

1990களில் தம்புன் வட்டாரத்தில் இருந்த ஒரு பன்றிப் பண்ணையைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம். 30,000க்கும் மேற்பட்ட பன்றிகள் அங்கே இருந்தன. மாம்பழமும் கூடுதல் வருமானம் தரும் என்பதால் கொட்டில்களை ஒட்டியே மாமரங்களையும் நட்டிருந்தார்கள். உலகம் இன்று நிப்பா என்று அழைக்கும் வைரஸ், கால்நடைகள் வழியாக மனிதரிடம் வந்து சேர்ந்த கதை அறிவியலுக்குத் தெரிந்த அளவில் இந்தப் பண்ணையிலிருந்தே தொடங்குகிறது. அது அங்கே எப்படி வந்தது என்பதில் அறிஞர்களுக்குள் பத்தாண்டுக்கும் மேலாக வாதம் நடந்தது. அந்த வாதத்தைப் பின்தொடர்ந்து பார்த்தால், ஒரு கொள்ளைநோயின் 'தோற்றம்' என்று நாம் சொல்வது உண்மையில் எத்தனை தனித்தனிக் கேள்விகள் என்பது புரியும்.

முதலில் நோயைப் பார்ப்போம். 1998 செப்டம்பர் கடைசியில் ஈப்போவைச் சுற்றியிருந்த பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் காய்ச்சலோடும் தலைவலியோடும் மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். சில நாளில் அவர்களுக்குத் தூக்கக் கலக்கம் கூடியது, நினைவு தவறியது, சிலர் ஆழ்ந்த மயக்கத்துக்குப் போய்விட்டார்கள். மூளைக்காய்ச்சல் என்பது தெளிவு. பன்றி இருக்கும் இடத்தில் மூளைக்காய்ச்சல் என்றால் மலேசிய மருத்துவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். பன்றியின் இரத்தத்தில் பெருகி, கியூலெக்ஸ் கொசு வழியாக மனிதருக்கு வரும் நோய் அது. 1974இல் லங்காவியிலும், 1988இல் பினாங்கிலும், 1992இல் சரவாக்கிலும் அது தலைகாட்டியிருக்கிறது. நோயாளிகள் சிலரின் இரத்தத்தைச் சோதித்தபோது அந்த வைரஸுக்கு எதிரான எதிர்ப்புப் பொருளும் கிடைத்தது. அத்துடன் முடிவு கட்டப்பட்டது. கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள்.

நோய் அடங்கவில்லை. டிசம்பரில் தெற்கே நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானை அடுத்த சிக்காமாட்டுக்கு வந்தது. பிறகு போர்ட்டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் பெலாண்டோக்கில் பரவியது. அது நாட்டிலேயே பெரிய பன்றி வளர்ப்பு வட்டாரங்களில் ஒன்று. 1999 பிப்ரவரி, மார்ச்சில் அங்கே வீடுவீடாகச் சாவு விழுந்தது.

கொசுக் கணக்கு உதைக்கிறது என்பதற்கு அறிகுறிகள் தொடக்கம் முதலே இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் உழைக்கும் வயது ஆண்கள். கொசு சீனர், இந்தியர், மலாய்க்காரர் என்று பார்த்துக் கடிப்பதில்லை. ஆனாலும் பண்ணைக்குப் பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நோயுற்றவர்களில் பெரும்பாலோர் பன்றியைக் கையால் தொட்டு வேலை செய்த சீனர்கள், அவர்களோடு பண்ணைகளில் கூலிக்கு நின்ற இந்தியத் தொழிலாளர்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பன்றிகளே இருமிக்கொண்டிருந்தன. தொலைவிலிருந்தே கேட்கும் கரகரத்த, குரைப்பு போன்ற இருமல். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் சினைப்பன்றிக்குக் கருச்சிதைவை உண்டாக்கும், கொட்டிலையே இருமவைக்காது. பண்ணைக்காரர்கள் இதைத் தெளிவாகப் பார்த்தார்கள், சொன்னார்கள். ஒரு நோயின் மூலத்தைத் தேடும்போது விலங்கோடு வாழ்கிறவரின் சொல்லுக்கு ஆய்வக முடிவுக்கு நிகரான இடம் தர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புவதற்கு ஈப்போவில் இழந்த அந்த மாதங்களே காரணம்.

அப்படியானால் இரத்தத்தில் கண்ட எதிர்ப்புப் பொருள் பொய்யா? பொய்யில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மலேசியாவில் நிரந்தரமாக உலவும் நோய். எப்போதோ கடித்த கொசுவாலும், போட்ட தடுப்பூசியாலும் அந்த எதிர்ப்புப் பொருள் ஒருவர் இரத்தத்தில் இருக்கலாம். அது இருப்பதால் இப்போதைய காய்ச்சலுக்கு அதுவே காரணம் என்று ஆகிவிடாது. சரியான சான்றிலிருந்து தவறான முடிவுக்குப் போனார்கள்.

திருப்பம் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. பேராசிரியர் லாம் சாய் கிட் தலைமை தாங்கிய நுண்ணுயிரியல் துறையில் சுவா காவ் பிங் என்ற மருத்துவர் வைரஸ் ஆய்வில் பயிற்சி பெற்று வந்தார். நரம்பியல் மருத்துவர் டான் சோங் டின்னும் அவர் குழுவினரும் கவனித்து வந்த நோயாளிகளின் தண்டுவட நீர் சுவாவின் ஆய்வகத்துக்கு வந்தது. 1999 மார்ச் தொடக்கத்தில், குரங்கின் சிறுநீரக செல்களை வளர்த்த தட்டில் அந்த நீரைச் சேர்த்துப் பார்த்தார். சில நாளில் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து, பல உட்கருக்களைக் கொண்ட பெரிய பிண்டங்களாயின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் செல்களை இப்படி ஒட்டவைப்பதில்லை. தட்டம்மை, புட்டாளம்மை வைரஸ்களைக் கொண்ட பாராமிக்சோ குடும்பத்தின் குணம் அது. சுவா மாதிரிகளோடு அமெரிக்காவுக்குப் பறந்தார். போர்ட் காலின்ஸ் ஆய்வகத்தின் மின்னணு நுண்ணோக்கி அந்த ஐயத்தை உறுதி செய்தது. அட்லாண்டாவில் நடந்த சோதனைகள், 1994இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரின் ஹெண்ட்ரா பகுதியில் குதிரைகளையும் ஒரு பயிற்சியாளரையும் கொன்ற வைரஸுக்கு இது நெருங்கிய உறவு என்று காட்டின. மாதிரி தந்த நோயாளி ஒருவரின் ஊர் சுங்கை நிப்பா. அந்தப் பெயரே வைரஸுக்கு நிலைத்தது.

விடை தெரிந்தபோது நாடு கொடுத்த விலை பெரிது. மலேசியாவில் 265 பேர் நோயுற்றார்கள், 105 பேர் இறந்தார்கள். மலேசியப் பன்றிகளை அறுத்த சிங்கப்பூர் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு நோய் வந்தது, ஒருவர் இறந்தார். இராணுவத்தை இறக்கி 10 லட்சத்துக்கும் மேலான பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். பண்ணைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. உயிர் தப்பியவர்களில் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் மூளைக்காய்ச்சல் மீண்டும் வந்தது.

இனித் தோற்றம் பற்றிய வாதத்துக்கு வருவோம். அதன் முதல் கேள்வி எளிது. பன்றிக்கு இது எங்கிருந்து வந்தது?

ஹெண்ட்ரா வைரஸுக்குத் தாயகம் பழந்தின்னி வௌவால் என்று ஆஸ்திரேலியர்கள் 1996இல் காட்டியிருந்தார்கள். ஆகவே மலேசியாவிலும் தேடல் வௌவாலில் தொடங்கியது. நாய், பூனை, குதிரை, எலி எல்லாவற்றையும் சோதித்தார்கள். நோய் கண்ட பண்ணைகளின் நாய்களில் தொற்று இருந்தது, ஆனால் பன்றியிலிருந்து வந்த தொற்றாகவே அது தெரிந்தது. வௌவால்களில், குறிப்பாக இரண்டு பெரிய பழந்தின்னி இனங்களில், எதிர்ப்புப் பொருள் கிடைத்தது. இவற்றில் பெரியது மலாய்க்காரர்கள் கெலுவாங் என்று சொல்லும் இனம். சிறகை விரித்தால் ஒன்றரை மீட்டர் அகலம் வரும். மற்றது தீவுகளில் கூட்டமாக வாழ்வது.

எதிர்ப்புப் பொருள் மட்டும் போதாது என்பதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் குழப்பமே கற்றுக்கொடுத்திருந்தது. வைரஸே வேண்டும். சுவா காவ் பிங் தியோமான் தீவுக்குப் போனார். வௌவால்கள் அடையும் மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்புகளைப் போட்டு, விடியற்காலையில் விழும் சிறுநீர்த் துளிகளைச் சேகரித்தார். வௌவால் கடித்துப் போட்ட பழங்களையும் துடைத்தெடுத்தார். அவரும் துணையாளர்களும் 2002இல் வெளியிட்ட முடிவின்படி, அந்தச் சிறுநீரிலும் பாதி தின்ற ஒரு ஜம்புப் பழத்திலும் உயிருள்ள நிப்பா வைரஸ் கிடைத்தது. கடித்த பழம் ஒன்று வைரஸைச் சுமக்கும் என்பதற்கு இதைவிட நேரான சான்று கேட்க முடியாது. விலங்கு எது என்ற கேள்வி அத்துடன் தீர்ந்தது. இந்த ஆய்வுக்குத் தேவைப்பட்டது பிளாஸ்டிக் விரிப்பும் பொறுமையும்தான். வைரஸ் ஆய்வில் நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது.

அடுத்த கேள்வி கடினமானது. பழந்தின்னி வௌவால்கள் இந்த மண்ணில் மனிதனுக்கு முன்பே இருந்தவை. அவை ஏன் 1990களில் பேராக்கின் ஒரு பண்ணைக்கு வைரஸைக் கொண்டுவந்தன?

2002இல் சுவாவும் வேறு இருவரும் ஒரு விடையை முன்வைத்தார்கள். 1997இல் எல் நினோ வறட்சி. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காடழிக்க வைத்த தீ கட்டுக்கடங்காமல் எரிந்தது. புகைமூட்டம் தீபகற்பத்தையும் போர்னியோவையும் மூடியது. சரவாக்கில் 1997 செப்டம்பர் 19 அன்று நெருக்கடிநிலையே அறிவிக்கப்பட்டது. காற்று மாசுக் குறியீடு கூச்சிங்கில் 800ஐத் தாண்டியது. சூரிய ஒளி குறைந்து காட்டு மரங்களில் பூவும் காயும் குறைந்தன. உண்ண வழியில்லாத வௌவால்கள் பழத்தோட்டங்களைத் தேடி வந்தன; அங்கே பன்றிக் கொட்டில்கள் இருந்தன. இதுதான் அந்த விளக்கம்.

கேட்டவுடன் மனம் ஒப்புக்கொள்ளும் விளக்கம் இது. குற்றவாளி பெரியவர், புகையைக் கண்ணால் பார்த்தோம், காடழிப்பு என்ற உண்மையான தவறு பின்னால் நிற்கிறது. 2011இல் வந்த 'கன்டேஜன்' என்ற ஹாலிவுட் படத்தின் கற்பனை வைரஸ் நிப்பாவை மாதிரியாகக் கொண்டது. அதன் இறுதிக் காட்சியில் மண்வாரி இயந்திரம் மரத்தைச் சாய்க்கும், வௌவால் பறந்து போய்ப் பன்றிக் கொட்டிலில் வாழைப்பழத் துண்டைப் போடும். உலகின் மனதில் நிப்பாவின் கதை அந்த வடிவத்தில்தான் பதிந்திருக்கிறது.

இந்த விளக்கத்தில் காலக்கணக்குத்தான் தடுக்கிறது. பழைய மருத்துவமனைப் பதிவுகளையும் சேமித்து வைத்திருந்த மாதிரிகளையும் திரும்பிப் பார்த்தபோது, தம்புன் பண்ணையோடு தொடர்புடைய நிப்பா நோயாளிகள் 1997 தொடக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. புகைமூட்டம் உச்சத்துக்கு வந்தது அதே ஆண்டு செப்டம்பர், அக்டோபரில். புகை வருவதற்கு முன்பே வைரஸ் வந்துவிட்டது. தவிர, கெலுவாங் பேராக்குக்குப் புதிதாக அகதியாக வந்த உயிரினமும் அல்ல. நெடுங்காலமாகவே இங்கே சுற்றிய விலங்கு. பின்னாளில் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்தபோது இவ்வினம் மலாக்கா நீரிணையைத் தாண்டி சுமத்ராவுக்கும், வடக்கே தாய்லாந்துக்கும் போய்வருவது தெரிந்தது. வேளாவேளைக்கு எந்த மரம் காய்க்கிறதோ அங்கே போகும்.

அப்படியானால் எது புதிது? ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த தமிழருக்கு இந்தக் கேள்வியை விளக்கவே வேண்டாம். பேராக்கின் தோட்டங்களில் பால்மரக் காட்டுக்கு நடுவே லயங்கள். லயத்துக்குப் பின்னால் மா, பலா, ரம்புத்தான், வாழை. கோழி, ஆடு, மாடு, சில வீடுகளில் ஓரிரு பன்றிகளும். மாலையில் வௌவால் கூட்டம் மரத்தில் இறங்கும், கடித்த பழங்கள் காலையில் தரையில் கிடக்கும். பன்றி அதைத் தின்னும். நூறு ஆண்டுகள் இப்படி ஓடின. அந்தப் பழங்களில் சிலவற்றில் நிப்பா இருந்திருக்க வாய்ப்பு உண்டு. ஒரு லயத்துப் பன்றிக்கு எப்போதாவது தொற்று வந்திருக்கவும் கூடும். ஆனால் இரண்டு பன்றி இருக்கும் இடத்தில் வைரஸ் அந்த இரண்டையும் தொற்றிவிட்டால் அடுத்து போக இடமில்லை. ஒரு வாரத்தில் அணைந்துவிடும்.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் தாமான் வீடுகள் வந்தன. லயத்து மக்கள் நகரத்துக்கும் தொழிற்சாலைக்கும் போனார்கள். வீட்டுப் பின்புறத்தில் நடந்த வளர்ப்பு குறைந்து, நகரங்களுக்கு இறைச்சி அனுப்பும் பெரிய பண்ணைகள் பெருகின. 1970களின் தொடக்கத்துக்கும் 1990களின் இறுதிக்கும் இடையில் தீபகற்ப மலேசியாவின் பன்றி உற்பத்தியும் மாம்பழ உற்பத்தியும் ஏறக்குறைய மூன்று மடங்காயின.

ஜூலியட் புலியம், ஜானத்தன் எப்ஸ்டீன் முதலியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இங்கேதான் கை வைத்தது. தம்புன் பண்ணையின் பதிவுகளையும் பன்றி ஈனும் கணக்கையும் கொண்டு அவர்கள் ஒரு கணித மாதிரியை எழுதினார்கள். அது சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வைரஸ் முதன்முறை கொட்டிலில் விழும்போது எந்தப் பன்றிக்கும் எதிர்ப்பாற்றல் இல்லை. தொற்று காட்டுத்தீயாகப் பரவும். ஓரிரு மாதத்தில் எல்லாப் பன்றிகளும் தொற்றிலிருந்து மீண்டவையாகவோ செத்தவையாகவோ ஆகிவிடும். வைரஸுக்குப் புது உடல் கிடையாது, அழிந்துபோகும். இவ்வளவு பெரிய பண்ணையில்கூட முதல் அலை தானாக முடிந்துவிடும். பிரச்சினை அதற்குப் பின்னால். மீண்ட தாய்ப்பன்றிகளின் பாலிலிருந்து குட்டிகளுக்கு எதிர்ப்புப் பொருள் கிடைக்கும். சில வாரங்களில் அது குறைந்து மறையும். பெரிய பண்ணையில் ஒவ்வொரு வாரமும் குட்டி ஈனுவார்கள். எனவே கொட்டிலில் ஒரு பகுதி பாதுகாப்போடும், ஒரு பகுதி பாதுகாப்பு இல்லாமலும், எந்நேரமும் புதுக் குட்டிகள் சேர்ந்துகொண்டும் இருக்கும். இந்த நிலையில் வைரஸ் இரண்டாவது முறை விழுந்தால் அது பாய்ந்து பரவாது. மெதுவாக, பாதுகாப்பு வற்றிய குட்டிகளை ஒவ்வொன்றாகத் தொற்றிக்கொண்டு, ஓர் ஆண்டுக்கும் மேலாகப் பண்ணையிலேயே தங்கிவிடும். தங்கும் காலமெல்லாம் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஆபத்து. அந்தக் காலமெல்லாம் விற்பனைக்குப் போகும் பன்றிகளோடு வைரஸும் வண்டி ஏறும்.

1997இல் தொடங்கிய நோய் ஏன் 1998 செப்டம்பர் வரை பெரிதாக வெளியே தெரியவில்லை, பிறகு ஏன் திடீரெனத் தெற்கே பாய்ந்தது என்ற புதிருக்கு இந்தக் கணக்கு பொருந்திவருகிறது. பேராக்கில் நோய் பரவியபோது பண்ணைக்காரர்கள் நட்டத்துக்குப் பயந்து பன்றிகளைக் கிடைத்த விலைக்கு விற்றார்கள். லாரிகள் நெகிரி செம்பிலானுக்குப் போயின. அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொசுவால் வரும் நோய் என்றுதானே அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது? கொசு நோயில் பன்றியை விற்பதில் என்ன தப்பு? தோற்றத்தைப் பற்றிய தவறான விடையே இங்கே நோயை வண்டியேற்றியது.

இந்தக் கதையில் இன்னும் ஒரு முடிச்சு உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் சசாலி அபுபக்கரும் குழுவினரும் 2004இல், தம்புன் பகுதிப் பன்றியிலிருந்து எடுத்த வைரஸின் மரபணு வரிசையைத் தெற்கிலிருந்து கிடைத்தவற்றோடு ஒப்பிட்டார்கள். தெற்கில் நோயாளிகளிடமும் பன்றிகளிடமும் கிடைத்தவை ஏறக்குறைய ஒன்றே. தம்புன் வைரஸ் அவற்றிலிருந்து வேறுபட்டது. அப்படியானால் குறைந்தது இரண்டு வகை வைரஸ் உலவியிருக்கிறது. வௌவாலிடமிருந்து இரண்டு முறை தனித்தனியாக வந்திருக்கலாம். புலியம் குழுவின் கணக்கும் ஒரு முறைக்கு மேல் வைரஸ் விழுந்ததாகவே வைத்துக்கொள்கிறது. இரண்டு வழிகளில் தேடியவர்கள் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். ஆனால் தெற்கு வைரஸ் தம்புன் பண்ணையின் இரண்டாவது வரவா, வேறொரு பண்ணையில் நேர்ந்த வரவா என்பது இன்றும் திறந்தே இருக்கும் கேள்வி.

எனக்கு எந்தப் பக்கம் சான்று கனமாகத் தெரிகிறது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். புகைமூட்டம் வௌவால்களை அலைக்கழித்திருக்கும், காடழிப்பு அவற்றை மனிதரின் மரங்களுக்கு நெருக்கமாகத் தள்ளியிருக்கும். இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த நோயை நோயாக்கியது தம்புன் பண்ணையின் அமைப்பு. வௌவால் வந்து உட்காரும் மாமரம், கிளைக்கு நேர்கீழே கொட்டில், கொட்டிலில் ஓயாமல் பிறக்கும் குட்டிகள். காட்டை வெட்டியவரைச் சுட்டும் விரல் எளிதில் எழும். ஆனால் கொட்டிலுக்கு மேல் கவிந்த அந்தக் கிளையை யாரும் வெட்டியிருக்கலாம். ஒரு காலை வேலை அது.

வைரஸுக்கு உள்ளேயும் ஒரு காரணம் இருக்கிறது. நிப்பாவின் மரபணுத்தொகுதி 18,246 எழுத்துகள் கொண்டது. அதன் மேற்புறத்து முட்கள் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் எஃப்ரின் பி2 என்ற புரதத்தை 2005இல் கண்டுபிடித்தார்கள். இரத்தக்குழாய்ச் சுவரிலும் நரம்புச் செல்களிலும் உள்ள அந்தப் புரதம் வௌவால், பன்றி, குதிரை, நாய், மனிதன் எல்லாவற்றிலும் ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. பெரும்பாலான வைரஸ்கள் வேறொரு இனத்துக்குத் தாவ முதலில் தங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். நிப்பாவுக்கு அந்தச் சிரமம் குறைவு.

2020க்குப் பிறகு 'வைரஸ் எங்கிருந்து வந்தது' என்ற கேள்வி வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. கோவிட் வைரஸ் ஊகான் சந்தையில் விலங்கிலிருந்து வந்ததா, ஆய்வகத்திலிருந்து கசிந்ததா என்ற சண்டையில் நிப்பாவோடு சம்பந்தப்பட்ட பெயர் ஒன்றும் அடிபட்டது. 2012ஆம் ஆண்டின் தம்புன் ஆய்வில் பங்கெடுத்தவர்களுள் ஒருவர் பீட்டர் டாசாக். 2021 தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் ஊகானுக்கு அனுப்பிய குழுவிலும் அவர் இருந்தார். ஊகான் ஆய்வகத்தோடு அவரது நிறுவனத்துக்கு இருந்த தொடர்பு கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. 2024 மே மாதம் அமெரிக்க அரசு அந்த நிறுவனத்துக்கான நிதியை நிறுத்தியது. இதைக் காட்டித் தம்புன் ஆய்வையும் தள்ளிவிடலாமா? கூடாது. அந்த ஆய்வின் வலு ஆசிரியர் பட்டியலில் இல்லை. 1997இன் நோயாளிகள், மரபணு வரிசை, தியோமானின் ஜம்புப் பழம் ஆகியவை வெவ்வேறு கைகள் வெவ்வேறு காலத்தில் எடுத்த சான்றுகள். எவர் சொன்னார் என்பதைவிட, ஒருவர் சொன்னதை அவரோடு சம்பந்தமில்லாத இன்னொருவர் சரிபார்த்தாரா என்பதே இங்கே கேட்க வேண்டியது.

கோவிட் வாதத்தில் பலர் கேட்பது இது: விலங்கிலிருந்து வந்தது என்றால் அந்த முதல் விலங்கைக் காட்டுங்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நிப்பாவில் விலங்கு தெரியும், பண்ணை தெரியும், வழி தெரியும். அப்படியிருந்தும் முதலில் தொற்றிய அந்தப் பன்றியை எவரும் கண்டதில்லை, காணப்போவதுமில்லை. அது எந்த இறைச்சிக் கடைக்கோ போய்ப் பல மாதம் கழித்துத்தான் தேடலே தொடங்கியது. சார்ஸ் நோயில் 2003இல் மரநாயைக் கண்டார்கள், 2005இல் வௌவாலுக்குப் போனார்கள், மிக நெருங்கிய உறவு வைரஸ்களை யுன்னான் குகையொன்றில் கண்டு வெளியிட்டது 2017இல். தோற்றத்தின் சான்று எப்போதும் துண்டுதுண்டாகவே, தாமதமாகவே கிடைக்கிறது. அதனால்தான் தொடக்க நாள்களின் மாதிரிகளையும் பதிவுகளையும் மறைக்காமல் தருவது அவ்வளவு முக்கியம். தம்புன் பண்ணையின் பழைய பதிவுகள் இல்லையென்றால் இன்றும் புகைமூட்டத்தையே பேசிக்கொண்டிருப்போம். ஊகானின் தொடக்க நாள் தரவுகளை முழுதாகத் தராமல் இருப்பதை உலக சுகாதார நிறுவனமே திரும்பத் திரும்பக் குறை சொல்லியிருக்கிறது. அந்தத் தாமதம் எந்தப் பக்கத்து வாதத்துக்கும் உதவவில்லை.

தோற்றம் தெரிந்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு மூன்று இடங்களைக் காட்டலாம். மலேசியாவில் பன்றிக் கொட்டிலை ஒட்டிப் பழமரம் கூடாது என்று விதித்தார்கள். பன்றி வளர்ப்பைக் குறிப்பிட்ட வட்டாரங்களுக்குள் கட்டுப்படுத்தினார்கள். கெலுவாங்கிடம் இன்றும் நிப்பா இருக்கிறது. ஆனால் 1999க்குப் பிறகு இந்த நாட்டில் ஒருவருக்கும் அந்த நோய் வந்ததாகப் பதிவில்லை.

வங்காளதேசத்தில் 2001 முதல் நிப்பா வருகிறது. அங்கே பன்றி நடுவில் இல்லை. குளிர்காலத்தில் ஈச்சமரத்தைச் சீவிக் கட்டிய பானையில் இரவெல்லாம் சாறு வடியும். இருட்டில் கேமரா வைத்துப் பார்த்தபோது வௌவால்கள் சீவிய இடத்தை நக்குவதும் அங்கேயே சிறுநீர் கழிப்பதும் பதிவானது. காலையில் மக்கள் அந்தச் சாற்றைப் பச்சையாகக் குடிக்கிறார்கள். சீவிய இடத்தையும் பானையையும் மூங்கில் தட்டியால் மூடினால் வௌவால் அண்டுவதில்லை என்று சோதித்துக் காட்டினார்கள். மலேசியாவில் காணாத ஒன்று அங்கே உண்டு: நோயாளியிடமிருந்து அவரைக் கவனிப்பவருக்கும் தொற்றுகிறது.

மூன்றாவது இடம் நம் பக்கத்துக் கேரளம். 2018 மே மாதம் கோழிக்கோட்டின் பேராம்பிரைப் பக்கம் ஒரு குடும்பத்தில் தொடங்கிய நிப்பா, அவர்களுக்குப் பணிவிடை செய்த செவிலியர் லினியின் உயிரையும் பறித்தது. அந்தக் குடும்பத்துக் கிணற்றில் இருந்த வௌவால்களை முதலில் சோதித்தார்கள். அவை பூச்சி தின்னும் வகை, வைரஸ் இல்லை. பிறகு பிடித்த பழந்தின்னி வௌவால்களில் வைரஸின் தடயம் கிடைத்தது. ஆனால் முதல் நோயாளிக்கு அது எந்த வழியாக வந்தது, பழமா, வேறு ஏதாவதா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. அதற்குப் பிறகு 2019, 2021, 2023, 2024 என்று நோய் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. கேரளத்தின் மருத்துவர்கள் நோயாளியைத் தனிமைப்படுத்துவதிலும் தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடிப்பதிலும் பெயர் பெற்றுவிட்டார்கள். தம்புனில் வெட்டுவதற்கு ஒரு கிளை இருந்தது, வங்காளதேசத்தில் மூடுவதற்கு ஒரு பானை இருக்கிறது. கோழிக்கோட்டில் அப்படிக் கைகாட்ட ஒன்றும் கிடைக்காததால், ஒவ்வொரு முறையும் முதல் நோயாளி மருத்துவமனைப் படியேறிய பிறகே வேலை தொடங்குகிறது.